மருந்தைப் பிடிப்பது குழி மட்டுமா?

ஆஸ்துமாக்காரர் இழுக்கும் இன்ஹேலரிலுள்ள சால்புட்டமால், மூச்சுக்குழாய்த் தசைச் செல்களின் சவ்வில் பதிந்திருக்கும் பீட்டா-2 அட்ரினர்ஜிக் ஏற்பியில் போய் ஒட்டுகிறது. சில நிமிடங்களில் தசை தளர்ந்து மூச்சு இலகுவாகிறது. படபடப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கப்படும் புரோப்ரனலாலும் இதே ஏற்பியில், இதே குழியில்தான் ஒட்டுகிறது. ஆனால் அது மூச்சுக்குழாயை இறுக்கிவிடக்கூடும் என்பதால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு டாக்டர்கள் அதைத் தவிர்க்கிறார்கள். ஒரே இடத்தில் உட்காரும் இரண்டு மூலக்கூறுகள் எதிரெதிர் விளைவைத் தருவது எப்படி? புரதங்களின் கட்டமைப்பைத் தீர்ப்பதும் வாசிப்பதும் தொழிலாகக் கொண்ட எங்களிடம் மருந்தியல்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இதுதான். திரையில் ஏற்பியின் படத்தைத் திறந்து, மருந்து உட்கார்ந்திருக்கும் குழியைப் பெரிதாக்கி, அதைச் சுற்றியுள்ள அமினோ அமிலங்களை எண்ணிக்காட்டிவிட்டால் பதில் வந்துவிட்டதாக நினைப்பது எளிது. எங்கள் துறையில் பாதி விளக்கங்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. என் அனுபவம் வேறு முடிவுக்குக் கொண்டுவந்திருக்கிறது. ஏற்பியில் வந்து ஒட்டும் மூலக்கூறை, அதாவது லிகண்டை, முழுப் புரதமும் சேர்ந்துதான் பிடிக்கிறது. செல்லுக்கு வெளியே இருக்கும் வாசலும் உள்ளே இருக்கும் கடைசி முனையும் அந்தப் பிடியில் பங்குபெறுகின்றன. குழியை மட்டும் பார்ப்பவர் பிடியின் ஒரு பகுதியை மட்டுமே பார்க்கிறார்.

பீட்டா-2 ஏற்பி 413 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். செல் சவ்வை ஏழு முறை ஊடுருவும் ஏழு சுருள்களாக அது மடிந்திருக்கிறது. மனித மரபணுத் தொகுதியில் இந்த அமைப்புடைய ஏற்பிகள் சுமார் 800 இருக்கின்றன. புழக்கத்தில் உள்ள மருந்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தக் குடும்பத்தின் மீதுதான் வேலை செய்கிறது. இத்தனை முக்கியமான புரதத்தின் படம் கிடைக்க நீண்ட காலம் ஆனதற்குக் காரணம் அதன் குணம். சவ்வின் கொழுப்பிலிருந்து டிடர்ஜென்ட் போட்டுப் பிரித்தவுடன் அது குலையத் தொடங்கும். செல்லில் அதன் அளவும் மிகக் குறைவு. போதாக்குறைக்கு அது ஓரிடத்தில் நிற்காமல் வடிவம் மாறிக்கொண்டே இருக்கும். வடிவம் மாறும் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிப் படிகமாகாது. குடும்பத்தில் முதலில் படமானது மாட்டுக் கண்ணின் ரொடாப்சின், 2000இல். விழித்திரையில் அது ஏராளமாகக் கிடைக்கிறது. அதன் லிகண்டான ரெட்டினால் புரதத்தோடு வேதிப்பிணைப்பால் கட்டப்பட்டு, இருட்டில் அதை அசையாமல் வைத்திருக்கிறது. பீட்டா-2 ஏற்பியின் மரபணு 1986இல் பிரித்தெடுக்கப்பட்டும், உயர்ந்த பிரிதிறனுள்ள படம் வர 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்டான்ஃபோர்டில் பிரையன் கோபில்காவின் குழுவும், ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையத்தில் ரேமண்ட் ஸ்டீவன்ஸின் குழுவும் சேர்ந்து அதைச் செய்தார்கள். செல்லுக்குள் ஆடிக்கொண்டிருக்கும் மூன்றாவது வளையத்தை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் எளிதில் படிகமாகும் டி4 லைசோசைம் என்ற புரதத்தைச் செருகினார்கள். கராசலால் என்ற, எளிதில் கழன்றுவராத லிகண்டால் ஏற்பியை ஒரே வடிவத்தில் நிறுத்தினார்கள். டிடர்ஜென்ட் கரைசலுக்குப் பதிலாகக் கொழுப்புக் கூழில் படிகத்தை வளர்த்தார்கள். 2.4 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறனில் படம் கிடைத்தது.

அந்தப் படத்தில் குழி தெளிவாகத் தெரிந்தது. மூன்றாவது சுருளில் 113ஆம் இடத்து அஸ்பார்டிக் அமிலம், லிகண்டின் நேர்மின்னூட்டமுள்ள நைட்ரஜனைப் பிடிக்கிறது. ஏழாவது சுருளின் 312ஆம் இடத்து அஸ்பரஜின் அதற்குத் துணை நிற்கிறது. எதிர்ப்புறத்தில் ஐந்தாவது சுருளின் செரின்கள் இருக்கின்றன. நடுவே பீனைல்அலனின்கள் லிகண்டின் வளையங்களை இருபுறமும் நெருக்குகின்றன. இதில் பெரும்பகுதி வேதியியல்காரர்களுக்குப் புதிதல்ல. அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, 113ஆம் இடமும் ஐந்தாவது சுருளின் செரின்களும்தான் அட்ரினலினைப் பிடிக்கின்றன என்று 1980களின் கடைசியிலேயே காட்டியிருந்தார்கள். படம் அதை உறுதி செய்தது. அதற்குமேல் படம் தந்த புதுச் செய்தி குழியின் வாசலில் இருந்தது. ரொடாப்சினில் வெளிப்புறத்து இரண்டாவது வளையம் குழியின் மேல் படிந்து அதை மூடியிருக்கிறது. ரெட்டினால் உள்ளேயே கட்டுண்டு கிடப்பதால் அங்கே மூடியிருப்பதில் குறையில்லை. பீட்டா-2 ஏற்பியிலோ அதே வளையம் ஒரு குட்டிச் சுருளாக மடிந்து, இரண்டு டைசல்ஃபைடு பிணைப்புகளால் இறுகி, குழியை விட்டு விலகி நிற்கிறது. வெளியிலிருந்து வந்துபோகும் லிகண்டுக்குத் திறந்த வாசல் வேண்டும். அந்த வாசலும் பிடியில் பங்குபெறும் என்பது பின்னால் வந்த சான்றுகளில் புலப்பட்டது.

சால்புட்டமாலும் புரோப்ரனலாலும் ஏன் எதிரெதிர் என்ற கேள்விக்கு 2007இன் படத்தால் பதில் சொல்ல முடியவில்லை. கராசலால் ஏற்பியின் இயல்பான சிறு இயக்கத்தையும் அடக்கும் எதிர்ஊக்கி. ஆகவே அந்தப் படம் ஓய்வு நிலையின் படம். இயங்கும் நிலையின் படம் 2011இல் வந்தது. முதலில், ஒட்டக இனத்தைச் சேர்ந்த லாமாவின் உடலில் உருவான நானோபாடி என்ற சிறிய எதிர்ப்புரதத்தை ஏற்பியின் உட்புறமுனையில் ஒட்டவைத்து அதை இயங்குநிலையில் நிறுத்தினார்கள். சில மாதங்களிலேயே ஏற்பி, செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் தன் உண்மையான கூட்டாளியான ஜி புரதத்தோடு சேர்ந்திருக்கும் படமும் 3.2 ஆங்ஸ்ட்ராமில் வெளியானது. அடுத்த ஆண்டு ராபர்ட் லெஃப்கோவிட்ஸுக்கும் கோபில்காவுக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. ஓய்வு நிலைப் படத்தையும் இயங்கு நிலைப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் குழிக்குள் தெரியும் மாற்றம் மிகச் சிறியது. ஏற்பியை இயக்கும் லிகண்டான ஊக்கி, ஐந்தாவது சுருளின் செரின்களோடு பிணைந்து அந்தச் சுருளை 207ஆம் இடத்தில் ஏறத்தாழ 2 ஆங்ஸ்ட்ராம் உள்ளே இழுக்கிறது. அந்தச் சிறு அசைவு, சவ்வின் நடுவாக்கில் ஒரு புரோலின், ஒரு ஐசோலூசின், ஒரு பீனைல்அலனின் ஆகிய மூன்றின் அடுக்கைக் கலைக்கிறது. விளைவாக, செல்லின் உட்புறமுனையில் ஆறாவது சுருள் 14 ஆங்ஸ்ட்ராம் வெளியே விலகி, ஜி புரதம் நுழைய இடம் விடுகிறது. ஊக்கிக்கும் தடுப்பானுக்கும் உள்ள வேறுபாடு குழிக்குள் ஓரிரு ஆங்ஸ்ட்ராம்தான்; அதன் பொருள் தெரிய வேண்டுமானால் புரதத்தின் மறுமுனைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். தனியாக ஒரு படம் இடத்தைக் காட்டும். இரண்டு படங்களின் ஒப்பீடுதான் வேலையைக் காட்டும்.

வெளியிலிருந்து உள்ளே செய்தி போகிறது என்பதோடு இது முடிந்திருந்தால், குழியைக் காரணமாகவும் மற்றதை விளைவாகவும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். உள்ளிருந்தும் வெளியே செய்தி வருகிறது என்பதுதான் சிக்கல். ஜி புரதம் கூட இருக்கும்போது ஏற்பி ஊக்கியை இன்னும் வலுவாகப் பிடிக்கும் என்பதைக் கட்டமைப்பு எதுவும் இல்லாத காலத்திலேயே, 1980இல், லெஃப்கோவிட்ஸின் குழு மும்மைக் கூட்டு என்ற மாதிரியாக எழுதிவைத்தது. உட்புறமுனையில் நானோபாடி ஒட்டினாலும் ஐசோபிரினலின் என்ற ஊக்கி பிடிபடும் வலிமை ஏறத்தாழ நூறு மடங்கு கூடுகிறது. நானோபாடி ஒட்டும் இடத்துக்கும் லிகண்ட் குழிக்கும் நடுவே சவ்வின் பாதிக்கு மேல் தூரம் இருக்கிறது. இதற்கு எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. 2011இல் ஓர் ஊக்கியை வேதிப்பிணைப்பால் ஏற்பியோடு கழலாதபடி கட்டிப் படிகம் வளர்த்தார்கள். ஊக்கி குழியில் நிரந்தரமாக இருந்தும், உட்புறத்தில் துணை எதுவும் இல்லாததால் ஏற்பி ஓய்வு நிலை வடிவத்திலேயே படிகமானது. பிறகு அணுக்காந்த ஒத்ததிர்வு ஆய்வுகள் இதைக் கரைசலிலும் காட்டின: ஊக்கி மட்டும் ஒட்டிய ஏற்பி பல வடிவங்களுக்கிடையே ஊசலாடுகிறது, முழு இயங்குநிலையில் அதை நிலைநிறுத்த உட்புறத் துணையும் வேண்டும். 2016இல் வந்த ஆய்வு ஒருபடி மேலே போனது. ஜி புரதம் உள்ளே ஒட்டியதும் வெளியே குழியின் வாசலில் உள்ள 193ஆம் இடத்துப் பீனைல்அலனினும் 308ஆம் இடத்து டைரோசினும் நெருங்கி, லிகண்ட் வெளியேறும் வழியை அடைத்துவிடுகின்றன. ஆக, பிணைப்பு வலிமை என்ற எண்ணைக் குழியின் சொத்தாக எழுதுவது கணக்குப் பிழை. உட்புறத்தில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லாமல் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை.

வாசலின் பங்குக்கு இன்னும் நேரடியான சான்று பீட்டா-1 ஏற்பியில் இருக்கிறது. இதயத்தில் அதிகமாக இருப்பது பீட்டா-1. மூச்சுக்குழாயில் முக்கியமானது பீட்டா-2. ஒன்றை விட்டு மற்றொன்றைத் தொடும் மருந்துதான் எல்லோருக்கும் வேண்டும். வான்கோழியின் பீட்டா-1 ஏற்பியின் படம் 2008இல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்தபோது, இரண்டின் குழிகளையும் ஒப்பிட்டவர்களுக்குக் கிடைத்தது ஏமாற்றம். லிகண்டைத் தொடும் அமினோ அமிலங்கள் இரண்டிலும் ஒன்றே. அப்படியிருந்தும் நார்அட்ரினலின், பீட்டா-2ஐவிட பீட்டா-1ஐச் சுமார் பத்து மடங்கு வலுவாகப் பிடிக்கிறது. அட்ரினலினுக்கு அந்தப் பாகுபாடு இல்லை. ஒரே குழி வேறுவேறு வலிமையில் பிடிப்பது எப்படி? 2021இல் வெளியான ஒப்பீடு இதற்கு விடை சொன்னது. வேறுபாடு குழிக்கு வெளியே, வாசல் பகுதியின் வடிவத்திலும் மின்னூட்டத்திலும் இருக்கிறது. நார்அட்ரினலின் பீட்டா-1க்குள் விரைவாக நுழைகிறது, பீட்டா-2க்குள் மெதுவாக. லிகண்ட் நேராகக் குழிக்குள் விழுவதில்லை. முதலில் வாசலில் தங்கி, தன்னைச் சுற்றியுள்ள நீரை உதறிவிட்டு, அதன்பிறகே உள்ளே நுழைகிறது என்று 2011இல் நடந்த நீண்ட கணினி உருவகப்படுத்தல்கள் காட்டியிருந்தன. சால்மெட்டரால் என்ற மருந்து இதற்கு இன்னொரு சாட்சி. அதன் தலை சால்புட்டமாலைப் போன்றது. வால் மிக நீளம். பீட்டா-1ஐவிட பீட்டா-2ஐ ஆயிரம் மடங்குக்கும் மேல் விரும்புகிறது. 2018இல் வந்த படத்தில் அதன் வால் வாசல் பகுதியில் படிந்திருந்தது. அங்குள்ள அமினோ அமிலங்கள் இரண்டு ஏற்பிகளிலும் வேறுபடுகின்றன. தலை இரண்டுக்கும் பொது. பாகுபாட்டைச் செய்வது வால்.

இந்த வாதத்துக்கு எதிராக மூன்று மறுப்புகள் சொல்லப்படுகின்றன. மூன்றும் அலட்சியப்படுத்தக் கூடியவை அல்ல. முதல் மறுப்பு மருந்தாய்வு வரலாற்றிலிருந்து வருகிறது. ரேமண்ட் அல்குவிஸ்ட் 1948இலேயே ஆல்ஃபா, பீட்டா என்று ஏற்பிகளைப் பிரித்தார். ஜேம்ஸ் பிளாக் 1960களில் புரோப்ரனலாலைக் கொண்டுவந்தார். 1988இல் நோபலும் பெற்றார். டேவிட் ஜாக்கின் குழு 1969இல் சால்புட்டமாலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இவர்கள் யாரிடமும் ஏற்பியின் படம் இல்லை. ஏற்பி என்பது தனியான ஒரு பொருள்தானா என்பதிலேயே சந்தேகம் இருந்த காலம் அது. அப்படியானால் கட்டமைப்பு எதற்கு? நல்ல கேள்வி. அவர்கள் திசுவின் விளைவை அளந்து மருந்து கண்டார்கள். திசுவில் முழு ஏற்பியும், ஜி புரதமும், சவ்வும் ஒன்றாக இருந்தன. ஆகவே அவர்களுடைய அளவீடு என் வாதத்துக்கு எதிரானது இல்லை, அதன் முதல் சான்று. கட்டமைப்பின் பயன் வேறு: தவறான விளக்கத்தை வெளியேற்றுவது. சால்மெட்டராலின் வால் நான்காவது சுருளில் ஒட்டுகிறது என்று ஒரு கருத்து 1990களில் வலுவாக இருந்தது. வாலின் இடம் வேறு என்று படம் காட்டியபின், அந்தக் கருத்தை வைத்து அடுத்த மருந்தை வரைபவர் இல்லை. மருந்தைக் கண்டுபிடிக்கப் படம் கட்டாயமில்லை. ஏன் வேலை செய்கிறது என்று சரியாகச் சொல்லப் படம் வேண்டும்.

இரண்டாவது மறுப்பு எங்கள் பட்டறையைப் பற்றியது. வளையத்தை வெட்டி, வேறு புரதத்தைச் செருகி, அமினோ அமிலங்களை மாற்றி, படிகத்துக்குள் அடைத்த ஏற்பி, செல்லில் உள்ள ஏற்பிதானா? இதில் நியாயம் உண்டு. 2007இன் படத்தில் மூன்றாவது சுருளின் 131ஆம் இடத்து ஆர்ஜினினும் ஆறாவது சுருளின் 268ஆம் இடத்து குளூட்டாமிக் அமிலமும் விலகி நின்றன. ஓய்வு நிலையில் இவை இரண்டும் பிணைந்திருக்க வேண்டும் என்பது அதுவரை எல்லோரும் நம்பியது. நம்பிக்கை தவறா, படம் தவறா என்று விவாதம் எழுந்தது. உருவகப்படுத்தல்கள், அந்தப் பிணைப்பு ஓய்வு நிலையிலேயே சேர்ந்தும் பிரிந்தும் இருக்கிறது என்று காட்டின. படிகம் அதில் ஒரு கணத்தைத்தான் பிடித்திருந்தது. இப்படிப்பட்ட இடங்களை அடையாளம் காண்பதுதான் தொழிலறிவு. ஒரு படத்தை நம்புவதற்கு முன் அதன் வடிவியல் ஒழுங்கைச் சோதிக்கிறோம். அந்தச் சோதனைகளில் மூத்தது சென்னையில் பிறந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் 1963இல் வெளியிட்ட வரைபடம், புரத முதுகெலும்பின் கோணங்களில் எவை சாத்தியம், எவை அணுக்கள் மோதிக்கொள்ளும் கோணங்கள் என்று பிரித்துக் காட்டியது. இன்று உலகின் எந்த ஆய்வகத்தில் தீர்க்கப்படும் கட்டமைப்பும் அந்த வரைபடத்தைத் தாண்டித்தான் வெளியே வருகிறது. ஆனால் அந்தச் சோதனையில் தேறுவது மடிப்பு சரி என்பதற்குத்தான் சான்று. 3.5 ஆங்ஸ்ட்ராம் படத்தில் நீர் மூலக்கூறுகள் தெரியாது. லிகண்டின் நிலையிலும் ஐயம் மிஞ்சும். பிணைப்பின் வலிமையை அளவீட்டிடம்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவது மறுப்புதான் கூர்மையானது: குழியை மட்டும் வைத்துக்கொண்டு கணினியில் லிகண்டுகளைத் தேடும் முறை வெற்றி பெற்றிருக்கிறதே? பெற்றிருக்கிறது. 2009இல், 2007இன் படத்தின் குழியில் ஏறத்தாழ பத்து லட்சம் மூலக்கூறுகளைக் கணினியில் பொருத்திப் பார்த்தார்கள். தேர்ந்தெடுத்த 25ஐச் சோதித்ததில் 6 ஒட்டின. அவற்றில் ஒன்று 9 நானோமோலார் வலிமையுடையது. கவனிக்க வேண்டியது அடுத்த வரி: அந்த ஆறில் ஐந்து எதிர்ஊக்கிகள். எதிர்ஊக்கி ஒட்டிய படத்தில் தேடியபோது பெரும்பாலும் எதிர்ஊக்கிகளே கிடைத்தன. இயங்குநிலைப் படத்தில் பின்னர் தேடியபோது ஊக்கிகள் கிடைத்தன. முழுப் புரதத்தின் நிலை குழியின் ஓரிரு ஆங்ஸ்ட்ராமில் பதிந்திருக்கிறது. தேடல் தெரிந்தோ தெரியாமலோ அதைத்தான் வாசித்தது. எந்த நிலையின் குழி என்று கேட்காமல் தேடியவர், தான் விரும்பாத வகை மருந்தைக் கண்டெடுத்திருப்பார். புரதத்தின் மடிப்பைக் கணினியில் கணிக்கும், 2021இல் வெளியாகி 2024இல் நோபல் வரை போன ஆல்ஃபாஃபோல்டு முறைக்கும் இதே பதில்தான். ஏழு சுருள்களின் மடிப்பை அது வியப்பூட்டும் துல்லியத்தில் தருகிறது. அதற்கு நாங்கள் நன்றியோடு இருக்கிறோம். ஆனால் பல நிலைகளில் வாழும் ஏற்பிக்கு அது வழக்கமாக ஒரே வடிவத்தைத்தான் முன்வைக்கிறது. அது எந்த நிலை, உட்புறத்தில் யார் இருப்பதாக எடுத்துக்கொள்வது என்பதைப் பயன்படுத்துபவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எமில் ஃபிஷர் 1894இல் நொதிகளுக்குச் சொன்ன பூட்டும் சாவியும் என்ற உவமை நூறாண்டுக்கு மேல் நம் பாடப்புத்தகங்களில் வாழ்கிறது. சாவி நுழையும்போது துவாரத்தின் வடிவமும் மாறும், கதவுக்கு அப்பால் நிற்பவர் தள்ளினால் சாவி இன்னும் இறுகும் என்று சேர்த்துச் சொன்னால்தான் அது ஏற்பிகளுக்குப் பொருந்தும். அத்தனையும் சேர்த்தபின் உவமையில் ஒன்றும் மிஞ்சாது. பாடத்திட்டம் எழுதுபவர்கள் இதைக் கைவிட்டு, ஓய்வு நிலை, இயங்கு நிலை என்ற இரண்டு படங்களை அருகருகே அச்சிட்டால் போதும். செலவும் இல்லை. 1971இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில் இன்று 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டமைப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்லூரிக் கணினியிலேயே திறந்து பார்க்கலாம். இத்துறைக்குள் வரும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: லிகண்டைத் தேடிக் குழிக்குள் நேராகப் போகாதீர்கள். பீட்டா-2 ஏற்பியின் 2007 படத்தையும், ஜி புரதத்தோடு சேர்ந்த 2011 படத்தையும் ஒன்றாகத் திறந்து, செல்லின் உட்புறமுனையிலிருந்து ஆறாவது சுருளைப் பிடித்துக்கொண்டு மேலே வாருங்கள். எந்த நிலை, என்ன வெட்டப்பட்டது, உட்புறத்தில் யார், வாசலில் என்ன என்ற நான்கையும் கேட்டு முடித்தபின் குழியைப் பாருங்கள். அப்போதுதான் அங்கே தெரியும் ஒவ்வொரு ஆங்ஸ்ட்ராமுக்கும் பொருள் இருக்கும்.